தப்பை ஒப்புக்கொள்ளாத நஷ்டஈடு

1

எங்களிடம் இப்போது இல்லாத ஒரு காரைப் பற்றிப் பதினொரு பக்கத்தில் ஒரு கடிதம் போன நவம்பரில் வந்தது. அன்று எனக்குக் காலைப் பணி. கனடாவில் ஹாமில்டன் நகரத்துப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கிறேன். விடியுமுன் ஐந்து மணிக்கு உள்ளே போனால் ஒன்றரைக்கு வெளியே வரலாம். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே உறையைப் பிரித்தேன்.

கார் செய்த கம்பெனிக்கும் கார் வாங்கியவர்களுக்கும் நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்திருக்கிறதாம். இன்னின்ன வருடங்களில் செய்த இன்ஜின்களில், பிஸ்டனோடு சேர்ந்து ஆடும் கனெக்டிங் ராடைத் தாங்கும் பேரிங்கில் குறை இருப்பதாக வழக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். தொழிற்சாலையில் கடைசல் வேலை நடந்தபோது உள்ளே தங்கிவிட்ட இரும்புத் துகள் எண்ணெய் போகும் வழியை அடைக்கிறது. பேரிங் தேய்கிறது. ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகி நின்றுவிடுகிறது. அப்படிக் காரை இழந்தவர்கள் நஷ்டஈடு கேட்டு மார்ச் கடைசிக்குள் விண்ணப்பிக்கலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தடித்த எழுத்தில் தனியாக ஒரு வரி: இந்தச் சமரசத்தின் மூலம் நிறுவனம் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் மனைவி ஜெசி முதியோர் இல்லத்தில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கி, முதல் பக்கத்தை விரல் வைத்துப் படித்தாள்.

"அப்ப ஜோயல் மேல தப்பு இல்ல" என்றாள்.

"வக்கீலுங்க சொல்றது அது. கம்பெனி ஒத்துக்கலயே."

அவள் கடிதத்தை மடித்தாள். "கம்பெனி ஒத்துக்கல. சரி" என்று கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் கொதித்துப் பாதி வற்றியிருந்தது.

2

ஜோயல் எங்கள் ஒரே மகன். ராயபுரம் கல்மண்டபத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் பிறந்தவன். இரண்டு வயதில் இங்கே வந்தான். அவனுக்குப் பதினெட்டு வயதானபோது அந்தக் காரை வாங்கினோம். அவனும் ஓட்டுவான் என்பதால் பதிவில் என் பெயரோடு அவன் பெயரையும் சேர்த்தோம். மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் வின்சரில் படிக்கப் போனபோது காரையும் கொண்டுபோனான்.

அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றுவது நான்தான். அவன் லீவுக்கு வரும்போதெல்லாம் வாசலில் அட்டையை விரித்துப் படுத்து மாற்றுவேன். நாள் முழுக்க பஸ் இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிறவன், சொந்தக் காருக்கு எண்ணெய் மாற்ற இன்னொருவனிடம் போவதாவது என்கிற கர்வம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி மாதம், பிற்பகல் நான்கு மணிக்கு அவன் போன் செய்தான். இரண்டு நண்பர்களோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன், வுட்ஸ்டாக் அருகே நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டது என்றான். முன்னால் ஏதோ உடைகிற சத்தம், பிறகு ஸ்டியரிங் இறுகிவிட்டதாம். பின்னால் வந்த டிரெய்லர் லாரி ஒரு கை அகலத்தில் விலகிப் போயிருக்கிறது.

ஜெசியின் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. பனி பெய்துகொண்டிருந்தது. மூன்று பேரும் சாலையோரத் தடுப்புக்கு வெளியே கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அடிபட்டதா என்று நான் கேட்கவில்லை. நேராகப் போய் பானெட்டைத் தூக்கி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். காய்ந்திருந்தது.

"ஆயில் பாத்தியா?"

"பாத்தேன்பா. ரெண்டு வாரம் முன்னாடி. ஃபுல்லா இருந்துச்சு."

"லைட்டு எரிஞ்சிருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்ட."

"எரியல. சத்தம் வந்துச்சு, அப்பறம் நின்னுடுச்சு."

"பொய் சொல்லாத."

தமிழில்தான் சொன்னேன். அவனுடைய நண்பர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் குனிந்து காருக்கு அடியில் பார்த்திருக்க வேண்டும். உடைந்த ராடு இன்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. இருந்த எண்ணெய் முழுவதும் அந்த ஓட்டை வழியாகக் கொட்டிப் பனிக்கு அடியில் கிடந்தது. எண்ணெய் இல்லாததால் இன்ஜின் உடைந்ததா, இன்ஜின் உடைந்ததால் எண்ணெய் போனதா என்பது தொழில் பழகும் பையன்கூடக் கேட்கிற முதல் கேள்வி. நான் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஷோரூமுக்கு ஜோயலையும் அழைத்துக்கொண்டு போனேன். இன்னும் வாரன்டி இருந்தது. சர்வீஸ் பிரிவில் இருந்தவர் படத்தைக் காட்டினார். பிளாக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓட்டை. "எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. யார் மாற்றுவது?" என்று கேட்டார்.

"நான்தான். நான் மெக்கானிக்."

"ரசீது இருக்கிறதா?"

வீட்டு வாசலில் மாற்றியதற்கு ஏது ரசீது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். எண்ணூரில் ஏழு வருடம், இங்கே பதினெட்டு வருடம் இன்ஜினோடு மல்லுக்கட்டியவனை, எண்ணெய் மாற்றத் தெரியாதவன் என்று சந்தேகிக்கிற பார்வை. அதை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி ஜோயலைப் பார்த்தேன். "கார் இவனிடம்தான் இருந்தது. இவன் எண்ணெயைப் பார்த்திருக்க மாட்டான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த மனிதருக்கு அது போதுமாக இருந்தது. பராமரிப்புக் குறைவு என்று எழுதி, வாரன்டி கிடையாது என்று முத்திரை போட்டுக் கொடுத்தார். காரைப் பழைய இரும்புக்குப் போட்டோம். காகிதத்தை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிறகு வீட்டில் வேறு எதற்கோ வாக்குவாதம் வந்தபோது இரண்டு தடவை அதை எடுத்து ஜோயலுக்கு முன்னால் போட்டிருக்கிறேன். இரண்டாவது தடவை அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். படிப்பு முடிந்ததும் கால்கரியில் வேலை தேடிக்கொண்டான். விமானத்தில் நாலு மணி நேரத் தூரம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வான். கடைசியில் "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்பான். "இருக்காரு" என்பாள்.

3

இந்த ஊரிலும் ஏரிக்கரையில் வரிசையாக உருக்காலைப் புகைபோக்கிகள் உண்டு. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் துணி காயப்போட முடியாது. வந்த புதிதில் ஜெசி மூக்கை உறிஞ்சிவிட்டு, "எண்ணூரே தேவல" என்றாள்.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு செட்டில்மென்ட் என்றால் வேறு அர்த்தம். ஆலை மூடப்போகிறது என்று பேச்சு வந்த உடனே, டீக்கடையில் அடுத்து அடிபடுகிற சொல் அது. நான் இருந்தது டீசல் இன்ஜின் கோக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. இப்போது அந்த இடத்தில் கன்டெய்னர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூடியபோது கேட் பக்கத்து அறையில் மேஜை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். இத்துடன் எனக்கும் கம்பெனிக்கும் எந்த வழக்கும் இல்லை, இனி எதையும் கேட்க மாட்டேன் என்று டைப் அடித்த தாள். எனக்கு முன்னால் நின்ற வயதான ஃபிட்டர் கையெழுத்துப் போடுமுன் மேனேஜரைப் பார்த்து, "எங்க மேல ஒண்ணும் தப்பு இல்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டார். மேனேஜர் சிரித்துவிட்டார். அந்த ஃபிட்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கும் அப்போது புரியவில்லை.

இந்தப் பதினொரு பக்கத்தின் கடைசித் தாளிலும் அதே வாசகம் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே இரண்டு கோடுகள். பதிவில் உள்ள உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டுமாம். ஒன்று எனக்கு. மற்றது ஜோயலுக்கு. கடிதத்தை உறையில் போட்டு, ஷோரூம் காகிதம் இருந்த அதே இழுப்பறையில் வைத்தேன்.

அந்தக் கார் வைத்திருந்தவர்கள் கூடிப் பேசுகிற இணையக் குழு ஒன்று உண்டு. மதியம் வேலை முடிந்து வந்ததும் அதைப் படிக்கத் தொடங்கினேன். புது இன்ஜின் கிடைத்தவர்களுக்கு மகிழ்ச்சி. காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களுக்கு எரிச்சல். எல்லாம் வக்கீல்களுக்குத்தான் என்று ஒருவர் திரும்பத் திரும்ப எழுதினார். ஒருவர், தன் காரில் எந்தக் கோளாறும் இல்லை, மற்றவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று எழுதி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு பெண் எழுதியிருந்தது மட்டும் மறக்கவில்லை. "எனக்குப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். நான்தான் காரைக் கெடுத்தேன் என்று என் கணவர் மூன்று வருடமாக வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்."

அதற்கு நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டியிருந்தார்கள். அன்றோடு அந்தக் குழுவைப் படிப்பதை விட்டேன்.

4

ஜெசியின் தம்பி செல்வத்தின் மகளுக்கு ஜனவரி கடைசியில் ராயபுரத்தில் கல்யாணம். நானும் ஜெசியும் போனோம். ஜோயலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். நான் போவதால்தான் அவன் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

செல்வம் சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறான். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலை என்னையும் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனான். கல்மண்டபத்தில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றன. டீக்கடை முன்னால் செல்வத்தின் கூட்டாளிகள் இருவர் இருந்தார்கள். ஒருவர் பாஷா பாய். இன்னொருவர் வள்ளூர் அனல்மின் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் குமார். பேச்சு வண்டிகளைப் பற்றிப் போனது. குமாருடையதும் நான் சொல்கிற கம்பெனி கார் என்று தெரிந்ததும், வாய் சும்மா இராமல் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

குமார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "என் வண்டி ஒன்ற வருசத்துல இஞ்சின் பூட்ச்சின்ணா. ஷோரூம்காரன் இன்னா சொன்னான் தெர்யுமா? பள்ளத்துல வுட்டு அடிச்சிகீறன்னான். வள்ளூர் ரோட்ல பள்ளம் இல்லாத எடம் எங்க கீது? அப்ப எங்களுக்கும் லெட்டர் வருமா?"

"வராதுங்க. அங்க வித்த வண்டிக்கு மட்டும்தான். உங்க இன்ஜின் வேற மாடலா இருக்கும்."

"வேறயா இருந்தா அவனே சொல்லட்டும்ணா. நாங்க கேட்டா ஓட்டத் தெர்லன்றான். நீங்க கேட்டா துட்டு தர்றான்."

பாஷா பாய் கையை நீட்டித் தடுத்தார். "இரு, இரு. தப்பு பண்லன்னும் சொல்றான், துட்டும் தர்றான்னா, இன்னாத்துக்குத் தர்றான்?"

"கேஸ இழுத்துகினு போனா செலவு ஜாஸ்தின்னுதான் பாய்." அந்த இடத்தில் நின்றால் என் பேச்சும் தானாக மாறிவிடுகிறது.

"அப்ப வண்டி வாங்கினவன் மேலதான் தப்புன்னு ஊர்ல சொல்லிகினு இருந்தானே, அந்தப் பேச்சு இன்னா ஆவும்? அத்த யாரு எடுக்கறது?"

செல்வத்தைப் பார்த்தேன். அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். முகம் வெளுத்திருந்தது. கல்யாண அலைச்சல் என்று நினைத்தேன்.

5

அன்று பிற்பகல் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் சொந்தக்காரர் ஒருவருக்குக் கல்யாணப் பலகாரம் கொடுக்க வேண்டியிருந்தது. செல்வம் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். வழி முழுக்க அவன் பேசவில்லை. வழக்கமாக ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு கதை வைத்திருப்பவன். பலகாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகையில், முகத்துவாரம் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தான்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

சட்டைப் பையிலிருந்த போனை விட்டுவிட்டு, டேஷ்போர்டு உள்ளேயிருந்து கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன் ஒன்றை எடுத்தான். ஒரு வீடியோவைப் போட்டு என் கையில் கொடுத்தான்.

எங்கள் கார். வின்சரில் ஜோயல் தங்கியிருந்த வீட்டின் முன்னால் பானெட் திறந்து நிற்கிறது. இன்ஜின் ஓடுகிறது. உள்ளே லேசாக டக்டக்கென்று ஒரு தட்டல். ஜோயலின் குரல் கேட்கிறது.

"மாமா, இது இன்னா சத்தம்? காலைல ஸ்டார்ட் பண்ணா வருது. இப்ப ஆஃப் பண்றேன், ஆயில் பாருங்க." சத்தம் நிற்கிறது. கையுறை போட்ட கை கம்பியை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துக் காமிரா முன் பிடிக்கிறது. மேல் கோடு வரை எண்ணெய். "ஃபுல்லா கீது. அப்பாகிட்ட கேட்டா நான் தான் ஏதோ பண்ணேன்னு சொல்வாரு. நீங்க சொல்லுங்க."

முக்கால் நிமிடம்தான். அவன் இன்னும் அப்படிப் பேசுவான் என்பதே எனக்குத் தெரியாது. சின்ன வயதில் அவனைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்திருந்தோம். இன்னா, கீது என்று எங்களைப்போலவே பேசினான். டீச்சர் நல்லவர். வீட்டில் கொஞ்சம் திருத்தமாகப் பேசச் சொல்லுங்கள் என்று தணிவாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து அவன் இன்னா என்று சொல்லும்போதெல்லாம் அதட்டினேன். கொஞ்ச நாளில் என்னிடம் திருத்தமாகப் பேசினான். குறைவாகவும் பேசினான். மாமாவிடம் மட்டும் பழைய பேச்சை வைத்திருந்திருக்கிறான்.

"அடுத்தது என்னுது" என்று செல்வம் விரலால் தட்டினான். அவன் அனுப்பிய பதில், அவன் குரலில்: "அது டேப்பட் சவுண்டு மாப்ள. குளுருக்கு அப்டித்தான் கத்தும். சூடானா அடங்கிடும். கம்னு ஓட்டு, ஒண்ணியும் ஆவாது."

தேதியைப் பார்த்தேன். கார் நின்றதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

"நான் தான் ஓட்டச் சொன்னேன் மாமா" என்றான் செல்வம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினான். "ஓட்டாதன்னு சொல்லியிருந்தா புள்ள நிறுத்தியிருப்பான். அந்த டிரெய்லரு இன்னும் கொஞ்சம் இந்தாண்ட வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? நாலு வருசமா இத்த அழிக்கவும் முடில, காட்டவும் முடில."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்றேன்னுதான் சொன்னேன். அவன் தான் வாணான்னான். 'மாமா, நீங்க ஓட்டச் சொன்னத நான் வூட்ல சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க, அப்பா உங்ககூடப் பேசறத நிறுத்திடுவாரு, அம்மா கஷ்டப்படுவாங்க'ன்னான். இன்னிக்கி நீ ஸ்டாண்டுல லெட்டர் மேட்டரு சொன்ன பாரு, அப்பதான் இஞ்சின்லயே கோளாறுன்னு எனக்குத் தெரியும். இத்தினி நாளும் என்னாலதான்னு நெனச்சிகினு இருந்தேன்."

கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் கல்யாண வேலையாகச் செல்வத்திடம் வாரம் ஒரு தடவையாவது போனில் பேசியிருக்கிறேன். கேட்டரிங், மண்டபம், மைக்செட் எல்லாம் பேசினோம். கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீடியோவைத் திரும்பப் போட்டேன். போனைக் காதோடு வைத்து மூன்று தடவை கேட்டேன். பேரிங் தட்டினால் சத்தம் கனமாக, அடியிலிருந்து வரும். வால்வைத் திறக்கிற டேப்பட் என்றால் மேலே, சன்னமாகக் கேட்கும்; அதனால் ஆபத்தில்லை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தச் சத்தம் சன்னமாகத்தான் இருந்தது.

"செல்வம், இத்த எனக்கு அனுப்பியிருந்தா நானும் டேப்பட்டுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்தான். நானும் ஓட்டச் சொல்லியிருப்பேன்."

அவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். ஆறுதலுக்குச் சொல்கிறேனோ என்று சந்தேகம். பிறகு வண்டியைக் கிளப்பினான்.

6

திரும்பி வந்ததும் உடனே ஜோயலுக்குப் போன் செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. மூன்று வாரம் போனது. பணிமனையில், பனிக்காகச் சாலையில் தூவிய உப்பு அரித்த பஸ்களின் அடிப்பாகத்தைப் பார்க்கிற பருவம் அது, வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விண்ணப்பத்துக்குக் கெடு நெருங்கியது. ஜெசிதான் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தாள்.

"நான் அவனுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்கித் தர்றேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

"இல்ல. நான் பேசறேன்" என்றேன்.

மார்ச் முதல் ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என் போனிலிருந்தே கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அப்பா? அம்மாக்கு என்ன ஆச்சு?"

நான் கூப்பிட்டால் கெட்ட செய்தி என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

"அம்மா நல்லாத்தான் இருக்கா. கார் விஷயமாப் பேசணும்." எழுதி வைத்துக்கொள்ளாமல் விட்டது தப்பென்று அப்போது தெரிந்தது. "உன் மேல தப்பு இல்ல ஜோயல். அன்னிக்கு ரோட்டுல நீ பொய் சொல்றன்னு சொன்னேன். நீ உண்மையத்தான் சொன்ன. ஷோரூம்ல ரசீது இல்லாம முழிச்சது நான். எனக்கு அசிங்கமாப் போச்சு, உன்னக் காட்டிவுட்டேன். செல்வம் வீடியோவ காமிச்சான். அதுக்கு முன்னாடியே லெட்டர் வந்துச்சு. அப்பவே நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருடா."

அவனுக்குப் பின்னால் எங்கோ துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"லெட்டர் எனக்கும் வந்துச்சுப்பா. ஈமெயில்ல. நவம்பர்ல."

ஷோரூமில் அவனுடைய மின்னஞ்சலையும் கொடுத்திருந்தது எனக்கு நினைவில்லை.

"அப்ப ஏன்டா நீ கூப்பிடல?"

"நான் ஏன் கூப்பிடணும்? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. தெரியாதவங்கதானே கூப்பிடணும்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்லித் தருகிறவனைப்போலச் சொன்னான். "ஒவ்வொரு சண்டேயும் அம்மா போன வைக்கறதுக்கு முன்னாடி நீங்க வாங்கிப் பேசுவீங்கன்னு வெயிட் பண்ணேன். நாலு மாசம்."

அவன் போன் செய்கிற நேரத்தில் நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.

"ஏன் வாங்கிப் பேசலன்னு எனக்கே தெரியலடா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"ம். ஃபார்ம அனுப்புங்க, சைன் பண்றேன்" என்றான். "வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கப்பா. ஆயில் லெவல் அதுல தெரியுது."

அனுப்பினோம். ரசீது இல்லாததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எண்ணெய் மாற்றியது நான், ரசீது இல்லாதது என் பொறுப்பு, மகனுக்கு அதில் பங்கு இல்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில். இதை எழுதும் இன்றுவரை அவ்வளவுதான். ஜோயல் ஈஸ்டருக்கு வந்து நான்கு நாள் இருந்தான். என்னோடு அதிகம் பேசினான் என்று சொல்ல முடியாது. வாசலில் பனி தள்ளும்போது கூட வந்து நின்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைக்குமுன் அவன் இன்னொன்றும் சொன்னான். "செல்வம் மாமாகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா. நான் நிறைய வாட்டி சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்கறாரு. அவர் மேல எனக்கு ஒருநாளும் கோபம் இல்லன்னு சொல்லுங்க."

அன்று மாலை ஏழு மணிக்குச் செல்வத்தைக் கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை. காசிமேட்டில் துறைமுக கேட்டுக்கு வெளியே, மீன் எடுக்க வருகிறவர்களின் சவாரிக்காக நின்றிருந்தான். ஏலம் கூவுகிற சத்தமும் ஐஸ் உடைக்கிற சத்தமும் கேட்டன. ஜோயல் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

கூவல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"கீறேன் மாமா" என்றான். "சவாரி வந்துகீது. அப்பால பேசறேன்."

வைத்துவிட்டான். அழுதிருப்பான் என்று நினைக்கிறேன். சவாரி வந்திருக்கவும் கூடும்.